கழட்டிப் போட்டால் சரியாகி விடுமா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. காதல், நிலா, அம்மா மூன்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் நான் என்ஜினைப் பற்றி எழுதுகிறேன். எலெக்ட்ரிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

போன செமஸ்டரில் ஒருநாள் என்ஜின் பேலன்சிங் பாடம் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேர்ந்தவர்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், அந்த பேலன்ஸ் ஷாஃப்டைக் கழட்டிப் போட்டுட்டா என்ன சார்?" வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "கழட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுப்பா" என்று போர்டு பக்கம் திரும்பிவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதே கேள்விக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதமாக எனக்கும் அப்பாவுக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை! அங்கே சண்டை வேறொரு பாகத்தைப் பற்றி. ஆனால் கேள்வி ஒன்றுதான்: பழைய லாரி என்ஜினில் தொந்தரவு என்று தோன்றுகிற ஒரு பாகத்தை வைத்திருப்பதா, கழட்டுவதா?

முதலில் கடைசி பெஞ்ச் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். அது சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல. உலகத்தில் பல மெக்கானிக்குகள் நிஜமாகவே கேட்கிற கேள்வி.

நாலு சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். பார்த்தால் தராசு மாதிரி சமமாகத் தெரியும். ஆனால் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால், பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேல்பாதியை வேகமாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கிறது. அதனால் மேலே போகிற ஜோடியும் கீழே வருகிற ஜோடியும் ஒன்றையொன்று முழுதாகச் சரிக்கட்டுவதில்லை. மிச்சமாக நிற்கிற விசை, கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை என்ஜினை மேலும் கீழும் உதறுகிறது. வேகம் கூடினால் இந்த உதறல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 1500 ஆர்.பி.எம்.-ல் இருப்பதைப் போல 2800-ல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு!

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் (1868–1946). கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு எடைத் தண்டுகள் இருந்தால், அந்த உதறலுக்கு எதிர் உதறல் கொடுத்து அடக்கிவிடலாம். ஜப்பானின் மிட்சுபிஷி 1975-ல் இரண்டு தண்டுகளையும் வேறு வேறு உயரத்தில் வைத்து இதை இன்னும் மேம்படுத்தியது. 1982-ல் வந்த போர்ஷே 944 காருக்கு, ஜெர்மன்காரர்களே மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கித்தான் இந்தத் தண்டை வைத்தார்கள்.

அப்படியானால் இவ்வளவு நல்ல பொருளை ஏன் கழட்டுகிறார்கள்? அதற்கும் நியாயம் இருக்கிறது. மிட்சுபிஷியின் 4டி56 என்ற 2477 சி.சி. டீசல் என்ஜின் உலகம் முழுக்க பிக்-அப்பிலும் வேனிலும் ஓடியது. அதில் ஒரு தண்டைச் சுற்றுவதற்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பக்கத்திலுள்ள பெரிய டைமிங் பெல்ட்டில் சிக்கினால் போச்சு! டைமிங் நழுவி, வால்வும் பிஸ்டனும் மோதி, மொத்த என்ஜினும் காலி. "குலுங்கினா குலுங்கட்டும், என்ஜின் பிழைச்சா போதும்" என்று தண்டையே எடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் எடுத்தால் மட்டும் போதுமா? அந்தத் தண்டின் பேரிங்குக்கு ஆயில் போகிற துவாரம் திறந்தே கிடக்கும். அதை அடைக்காமல் விட்டால் ஆயில் பிரஷர் அங்கேயே இறங்கி, மெயின் பேரிங் பட்டினி கிடக்கும். இன்னொரு தண்டு ஆயில் பம்ப் கியரோடு சேர்ந்து ஓடுவது. அதை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு குட்டைத் தண்டு வைத்தாக வேண்டும். டிராக்டரிலும் லாரியிலும் ஓடிய இங்கிலாந்தின் பெர்கின்ஸ் 4.236 என்ஜினில் பேலன்சர் பெட்டி ஆயில் சம்ப்புக்குள் இருக்கிறது. ஆயில் பம்பும் அதோடு சேர்ந்தே இருக்கிறது! "பேலன்சர் வேண்டாம்" என்று தூக்கினால் ஆயில் பம்பையும் சேர்த்துத் தூக்கியதாக அர்த்தம்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. ஒரு பாகத்தைக் கழட்டிவிடலாம். ஆனால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும். கழட்டுகிறவன் அந்த ஓட்டைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"இதெல்லாம் ஜப்பான் கதை, நம்ம ஊருக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம் ரோட்டில் ஓடும் பழைய லாரிகளில் பெரும்பாலானவை ஆறு சிலிண்டர். டாடா 697 என்றால் ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்று அர்த்தம். வரிசை ஆறு சிலிண்டரில் இந்த உதறல் தனக்குத்தானே அடங்கிவிடும், பேலன்ஸ் ஷாஃப்டே வேண்டாம். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் காலம் காலமாகக் கழட்டப்படுகிற பாகம் ஒன்று உண்டு. வண்டிக்காரர்கள் அதை வெறுமனே "வால்வு" என்பார்கள். புத்தகத்தில் அதன் பெயர் தெர்மோஸ்டாட்.

எங்கள் வீட்டுச் சண்டை இதைப் பற்றித்தான்.

என் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினாலு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு டிரைவர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஃபைனான்ஸில் ஒரு பழைய ஆறு சிலிண்டர் லாரி வாங்கினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நெல், வாழைத்தார், சில நேரம் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளா போய் வருவார். என் ஃபீஸ், தங்கையின் பிளஸ் டூ, வீட்டுக் கூரை எல்லாம் அந்த என்ஜினிலிருந்துதான் வருகிறது. அந்த என்ஜினுக்கு இந்த எட்டு வருடத்தில் இரண்டு தடவை லைனர், பிஸ்டன் மாற்றியாயிற்று. இரண்டாவது தடவை செலவு லட்சத்தைத் தாண்டியது. அம்மா குழுவில் கடன் வாங்கினார். அந்தத் தவணை இன்னும் ஓடுகிறது.

அந்த லாரியில் வால்வு கிடையாது. வாங்கிய முதல் கோடையிலேயே கழட்டியாயிற்று.

லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாவோடு வண்டியில் போனேன். சமவெளியில் டெம்பரேச்சர் மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை. ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தால் டீசல் வாடை. ஆனால் புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏறும்போது அதே முள் கிடுகிடுவென்று ஏறி, ரேடியேட்டர் கொதித்தது! ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எங்கள் பரம்பரையையே வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

"வால்வே இல்லையே அப்பா, பிறகு ஏன் கொதிக்கி?" என்றேன்.

அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பட்டறை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அப்பாவை விடப் பத்து வயது மூத்தவர். சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் கோளாறு என்று சொல்லிவிடுவார். "வால்வைத் திருப்பி மாட்டிருவோமா அண்ணாச்சி?" என்று கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே, இந்த வெயிலுக்கு வால்வு எதுக்குல? பனி ஊருக்காரன் அவன் ஊருக்குத் தக்கன வச்சது அது. நம்ம ஊருல பங்குனி வெயிலுல மனுசனே கொதிக்கான். அது மூடிக்கிச்சுன்னா ஹெட்டு போயிரும், தெரியுமா?"

அப்பாவும் அவர் பக்கம்தான். "அண்ணாச்சி முப்பது வருசமா கை வைக்கிறாரு. நீ நேத்துப் படிக்கப் போனவன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவன் நான். படிப்பு வீட்டுக்கு ஒன்றுக்கும் உதவாதோ என்ற பயம் அப்பாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் உண்டு. அன்று முதல் அப்பாவும் நானும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி.

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது? நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். கன்னடியன் கால்வாயில் மடை பார்த்திருப்பீர்கள். பலகையை இறக்கினால் தண்ணீர் ஒரு பக்கம், ஏற்றினால் இன்னொரு பக்கம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். ஏறக்குறைய 80 டிகிரியில் உள்ளிருக்கும் மெழுகு இளகி விரிந்து வால்வைத் திறக்கும். அப்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பல என்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே அதன் அடிப்பாகம் பைபாஸ் வழியை அடைக்கிறது. ஒரே பலகை, இரண்டு மடை!

பலகையைப் பிடுங்கி எறிந்தால் என்ன ஆகும்? இரண்டு வாய்க்காலிலும் எந்நேரமும் தண்ணீர் ஓடும். சமவெளியில் என்ஜின் சூடேறவே ஏறாது. மலையில், ரேடியேட்டருக்கு முழுத் தண்ணீரும் தேவைப்படுகிற நேரத்தில், ஒரு பங்கு சுடுதண்ணீர் பைபாஸ் வழியே குளிராமலேயே திரும்பி என்ஜினுக்குள் வரும். வால்வு இல்லாத வண்டி புளியரையில் கொதித்ததற்கு ஒரு காரணம் இதுதான். பேலன்ஸ் ஷாஃப்டை எடுத்தால் ஆயில் துவாரம். வால்வை எடுத்தால் பைபாஸ் துவாரம். இரண்டும் ஒரே கதை!

குளிர்ந்த என்ஜின் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்கும். ஆயில் நீர்த்துப் போகும், லைனர் தேயும். எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் வியர்த்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கும். நியாயமாகச் சொன்னால், இந்த அமிலத் தொல்லை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கிற பி.எஸ்.6 டீசலில் கந்தகம் அதிகபட்சம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். ஆனால் ஆயில் நீர்ப்பதும் லைனர் தேய்வதும் குறையவில்லை. இரண்டு தடவை மாற்றிய லைனருக்கு வால்வு இல்லாதது மட்டும்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரியும். அவர் பட்டறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய, வருடக்கணக்காகக் கழட்டிப் போட்ட வால்வுகள் கிடந்தன. ஐந்தை எடுத்துக்கொண்டேன். லேபில் சொல்லிவிட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். அம்மாவின் அடுப்பில் சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். "சோறு பொங்குத சட்டியில அதைப் போடாதல!" என்று அம்மா கத்தியது தனிக் கதை.

ஐந்தில் மூன்று, 80 டிகிரியை ஒட்டி அழகாகத் திறந்து, ஆறியதும் ஒழுங்காக மூடிக்கொண்டன. இரண்டு மட்டும் உப்புப் படிந்து அசையவே இல்லை. அதாவது கழட்டி எறிந்ததில் பாதிக்கு மேல் நல்ல பாகங்கள்! ஆனால் அந்த இரண்டையும் மறந்துவிடக் கூடாது. அண்ணாச்சி சொன்ன பயம் கற்பனை இல்லை. மூடியபடி சிக்கிக்கொண்ட வால்வு ஹெட்டைக் காலி செய்யும் என்பது சத்தியமான உண்மை.

அடுத்த நாள் அண்ணாச்சியையும் அப்பாவையும் சட்டி முன்னால் உட்கார வைத்து மறுபடி செய்து காட்டினேன். வால்வு திறந்ததும் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அந்த உப்புப் படிந்த இரண்டையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுந்து போய், சூடாக நின்ற எங்கள் வண்டியின் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார்.

"இந்தா பாரு மக்கா, இங்ஙன சுடுது, இங்ஙன பச்சத்தண்ணி. குழாய் பாதி அடைச்சுக் கெடக்கு. வால்வுல மட்டும் இல்ல, இதுலயும் உப்பு. போற வழியில கண்ட போர்த் தண்ணியையும் ஊத்தினா இப்படித்தான்."

எந்த லேபிலும் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது! பைபாஸைப் பற்றி மட்டும் தெரிந்த நான், வால்வை மாட்டிவிட்டுக் காலரைத் தூக்கியிருப்பேன். அடைத்த ரேடியேட்டரோடு வண்டி மறுபடியும் புளியரையில் நின்றிருக்கும். அப்போது என் படிப்புக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?

ரேடியேட்டரைக் கழட்டிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். புது வால்வு ஒன்று வாங்கினோம், சில நூறு ரூபாய்தான். மாட்டுவதற்கு முன்னால் அதையும் சட்டியில் போட்டுப் பார்த்தோம். இந்தத் தடவை சட்டியை எடுத்துக் கொடுத்தது அம்மாதான். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றினோம். முள் இப்போது சமவெளியில் நடுவில் நிற்கிறது, புளியரையில் கொஞ்சம் ஏறி இறங்கிவிடுகிறது. லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்கிறார் அப்பா. நான் இன்னும் நம்பவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, டீசலும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்பா எழுதுகிறார்! அவர் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் எழுதி நான் பார்ப்பது இதுவே முதல்தடவை.

சரி, என் கருத்து என்ன?

எந்தப் பாகத்தையும் கழட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுரோட்டில் வால்வு சிக்கிக்கொண்டால் கழட்டிவிட்டு மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேருங்கள். அது முதலுதவி. ஆனால் முதலுதவிக் கட்டோடு எட்டு வருடம் நடக்கக் கூடாது. பேலன்ஸ் ஷாஃப்டும் அப்படியே. ஒரே நிதான வேகத்தில் பம்ப் செட் ஓட்டுகிற பழைய என்ஜின் என்றால், ஆயில் துவாரத்தை ஒழுங்காக அடைத்து, குலுக்கலைத் தாங்கும் மவுண்ட் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் வேகமாக ஓடுகிற வண்டி என்றால் தண்டு இருக்கட்டும், பெல்ட்டைக் கெடு தவறாமல் மாற்றுங்கள். குலுக்கல் சும்மா போகாது. பிராக்கெட்டில் விரிசலாக, பைப்பில் கசிவாக, டிரைவரின் கை மரத்துப் போவதாக வட்டியோடு திரும்பி வரும்.

கழட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது இங்கே என்ன வேலை செய்கிறது? இதை எடுத்தால் எந்தத் துவாரம் திறந்து கிடக்கும்? கோளாறு இதில்தானா, அல்லது கோளாறை இது காட்டிக் கொடுக்கிறதா? மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் வண்டியில் உண்மையான குற்றவாளி உப்புத் தண்ணீர். தண்டனை அனுபவித்தது வால்வு!

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, அடிக்கடி போகிறது என்று ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பி கட்டுவதும் இதே கதை இல்லையா? சிவில் நண்பர்களே, சுவரில் ஈரம் வருகிற இடத்தைத் தேடாமல் மேலே பெயின்ட் அடிப்பதும் இதே கதைதானே?

இன்னும் சில மாதங்களில் கையில் டிப்ளமோவோடு வெளியே போகப் போகிறோம். நம்மை விடப் படிப்பு குறைந்த, நம்மை விட அனுபவம் நிறைந்த அண்ணாச்சிகளோடுதான் வேலை செய்யப் போகிறோம். அவர்கள் ஏன் கழட்டினார்கள் என்று கேட்காமல் "இது தப்பு" என்று சொன்னால் நமக்குத் தெரிந்ததும் வீண். அவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே தலையாட்டினால் நம் படிப்பு வீண். இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

கடைசி பெஞ்ச் நண்பா, உன் கேள்விக்கு இதுதான் என் பதில். கழட்டு, தப்பில்லை. ஆனால் கழட்டியதைத் தூக்கி எறியுமுன் ஒரு தடவை சோதித்துப் பார்!

போன வாரம் அண்ணாச்சி பட்டறைக்குப் போயிருந்தேன். அந்தப் பிஸ்கட் டப்பா காலியாக இருந்தது. ஸ்டவ்வில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.



– மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு